செவிக்கு எழுதப்படும் நூல்: இல்ல வாசிப்பும் தமிழ்ச் சிறார் நூல்களின் மொழிநடையும்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்தறியாப் பருவத்துக் குழந்தையிடம் கதைநூல் செவி வழியாகவே முதலில் சென்று சேர்கிறது. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் நூலை வாய்விட்டு வாசிக்கிறார்; குழந்தை கேட்கிறது. தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபட்டு நிற்பதால் இவ்வாசிப்பு எளிய செயலாக அமைவதில்லை. தமிழ்ச் சிறார் இலக்கியத் திறனாய்வு, கருப்பொருள், அறக்கருத்து, வயதுப் பொருத்தம் ஆகியவற்றுக்குத் தந்த இடத்தை நூலின் கேட்புத்தன்மைக்குத் தரவில்லை. வாய்மொழிக் கதையாடலின் மொழிக்கூறுகளை அடிப்படையாகக் கொண்டு சிறார் பாடல், கதை, நிலைவாரி நூல், மொழிபெயர்ப்பு நூல் ஆகியவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது; வாய்விட்டு வாசிப்பதற்குரிய நூலைத் தெரிவு செய்யச் சில அளவுகோல்களையும் முன்மொழிகிறது.

குறிச்சொற்கள்: சிறார் இலக்கியம், வாய்விட்டு வாசித்தல், இல்லக் கற்றல், இரட்டை வழக்கு, உம் கொட்டுதல், கேட்புத்தன்மை.

முன்னுரை

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது குழந்தையின் கல்வியில் வீட்டுக்குள்ள பங்கு பொதுவெளியில் பெரிதும் பேசப்பட்டது. கற்றல் இழப்பை ஈடுசெய்யும் நோக்கில் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கி, 1 முதல் 8 வரையிலான வகுப்புகளின் மாணவர்களுக்குத் தன்னார்வலர் வழியே மாலைநேரக் கற்றலுக்கு வழிசெய்தது. 2022–23 கல்வியாண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும், தொடர்ந்து ‘வாசிப்பு இயக்கமும்’ வந்தன. இவற்றின் பயனாகச் சிறார் நூல்கள் குறித்த அக்கறை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் வளர்ந்துள்ளது.

இவ்வக்கறை பெரும்பாலும் ஒரு வினாவைச் சுற்றியே அமைகிறது: குழந்தை தானே படிப்பதற்கு ஏற்ற நூல் எது? இதற்கு முன்னர் எழ வேண்டிய மற்றொரு வினா உண்டு. குழந்தைக்கு நாம் படித்துக் காட்டுவதற்கு ஏற்ற நூல் எது? இவ்விரண்டிற்கும் ஒரே நூல் விடையாக அமையும் எனக் கொள்வது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். படிக்கும் நூல், கேட்கும் நூல் என்னும் வேறுபாட்டைத் திறனாய்வு ஏற்றுக்கொள்ளாத வரையில், ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை எடைபோடும் பிழை நீடிக்கும்.

1. இல்ல வாசிப்பின் இரு பணிகள்

வீட்டில் நிகழும் வாசிப்பு பற்றிய ஆய்வுகள் இவ்வேறுபாட்டிற்குச் சான்று தருகின்றன. கனடா நாட்டுக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மோனிக் செனெஷால், ஜோ-ஆன் லெஃபெவர் ஆகியோரின் ஆய்வு (2002), வீட்டு எழுத்தறிவுச் செயல்பாடுகளை இரண்டாகப் பகுத்தது. பெற்றோர் கதைநூல் வாசித்துக் காட்டுவது குழந்தையின் சொல்வளத்தோடும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனோடும் தொடர்புற்றிருந்தது. எழுத்தையும் சொல்லையும் பெற்றோர் நேரடியாகக் கற்பிப்பது தொடக்கநிலை எழுத்தறிவோடு தொடர்புற்றிருந்தது. கதை வாசித்துக் காட்டிவிட்டதால் எழுத்து தானாக வந்துவிடும் என்பதும், எழுத்தைக் கற்பித்துவிட்டதால் மொழிவளம் தானாகப் பெருகும் என்பதும் இந்த ஆய்வின் ஒளியில் ஐயத்திற்குரியவை.

வாசித்துக் காட்டுவதன் பயன் எங்கிருந்து வருகிறது? ஜெசிகா மான்டாக்கும் பிறரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலப் படநூல்கள் நூறினைப் பெரியவர் குழந்தையோடு பேசும் பேச்சுடன் ஒப்பிட்டது. நூல்களில் இடம்பெற்ற வேறுபட்ட சொற்களின் எண்ணிக்கை பேச்சில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. அன்றாடப் பேச்சு கண்முன் உள்ள பொருள்களையும் செயல்களையும் பற்றியே பெரும்பாலும் சுழல்வது. நூலோ கண்முன் இல்லாதவற்றைப் பற்றிப் பேசுவது. ஆகவே பேச்சில் கிட்டாத மொழியைக் குழந்தைக்குத் தரும் வாயிலாக நூல் விளங்குகிறது. பேச்சும் எழுத்தும் நெருங்கி நிற்கும் மொழிகளிலேயே நிலை இதுவென்றால், அவை விலகி நிற்கும் தமிழில் இவ்வாயிலின் தேவை மிகுதியாகும். அதைக் கடப்பதும் அரிதாகும்.

2. இரட்டை வழக்கும் வாசிப்பவரின் தெரிவும்

சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் வகுத்த இரட்டை வழக்குக் கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்தி ஃபிரான்சிஸ் பிரிட்டோ (1986) உள்ளிட்ட மொழியியலாளர் விரிவாக எழுதியுள்ளனர். அதன் அன்றாட வெளிப்பாட்டைக் காண ஒரு சிறு தொடரே போதும். “குருவி கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தது” என்று நூலில் இருக்கிறது எனக் கொள்வோம். தாய் தன் இயல்பான பேச்சில் இதைச் சொல்வதானால் “குருவி கூட்டுலேர்ந்து எட்டிப் பாத்துச்சு” என்பார். நூலை மடியில் விரித்து வைத்திருக்கும் அவர் இவ்விரண்டில் எதை ஒலிப்பது?

வாசிப்பவர் முன் மூன்று வழிகள் உள்ளன. எழுதியுள்ளதை எழுதியவாறே ஒலிப்பது முதல்வழி. எழுத்தைக் கண்ணால் பார்த்து வாயால் பேச்சுத்தமிழாக்கிச் சொல்வது இரண்டாம் வழி. எழுதியவாறு வாசித்துவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்திப் பேச்சுத்தமிழில் உரையாடுவது மூன்றாம் வழி.

முதல்வழியில் நூலின் மொழி சிதையாமல் செவிக்குச் செல்கிறது. ஆனால் வாசிப்பு வகுப்பறைத் தொனியை எய்திக் குழந்தை விலகிச் செல்லும் இடர் உண்டு. இரண்டாம் வழியில் கதை குழந்தையை உடனே சென்றடைகிறது. நூலின் மொழி சென்றடைவதில்லை. பாட்டி நூலின்றிச் சொல்லும் கதையிலிருந்து அவ்வாசிப்பு மொழியளவில் வேறுபடாது.

இழப்பது என்ன என்பதை விலங்குக் கதைகளைக் கொண்டு விளக்கலாம். எழுத்துத்தமிழில் “குருவிகள் பறந்தன” என அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று உண்டு. பேச்சில் அது பொதுவாக இல்லை. “குருவிங்க பறந்துச்சு” என ஒருமை வினையே இரண்டுக்கும் நிற்கிறது. பறந்தன, ஓடின, சிரித்தன என்னும் வடிவங்களைப் பள்ளி செல்லாக் குழந்தை அன்றாட உரையாடலில் கேட்க வழியில்லை. விலங்குகளும் பறவைகளும் நிறைந்த சிறார் கதைநூலே அவ்வடிவங்கள் குழந்தையின் செவியில் இயல்பாக விழக்கூடிய இடம். அவற்றைப் ‘பறந்துச்சு’ என மாற்றி வாசிக்கும்போது, பின்னாளில் பாடநூலில் எதிர்கொள்ளப்போகும் மொழியோடு நட்பு கொள்ளும் முதல் வாய்ப்பு நழுவுகிறது.

எழுத்து வழக்கில் வாசித்தால் குழந்தைக்குப் புரியாது என்னும் அச்சத்திற்கு, இரட்டை வழக்குடைய மற்றொரு மொழியாகிய அரபியிலிருந்து ஒரு மறுமொழி கிடைக்கிறது. தீனா ஃபைட்டல்சனும் அவருடன் பணியாற்றியோரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், இஸ்ரேலிலுள்ள அரபு மொழி பேசும் மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு இலக்கிய அரபியில் அமைந்த கதைகள் சில மாதங்கள் தொடர்ந்து வாசித்துக் காட்டப்பட்டன. அவ்வாசிப்பைக் கேட்ட குழந்தைகள், கேளாத குழந்தைகளைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படம் பார்த்துக் கதை சொல்வதிலும் மேம்பட்டனர். இம்முடிவை அப்படியே தமிழுக்கு ஏற்றிவிட இயலாது. அங்கு வாசித்தவர் ஆசிரியர், களம் வகுப்பறை, இருமொழி வடிவங்களுக்கு இடையிலான தொலைவும் வேறு. எனினும் எழுத்து வழக்கைச் செவியால் பழகும் ஆற்றல் பள்ளிப் பருவத்திற்கு முன்பே குழந்தைக்கு உண்டு என்ற அளவில் அது நமக்குரிய சான்றாகும்.

ஆகவே மூன்றாம் வழியே ஏற்புடையது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் அவ்வழியின் சுமை முழுவதையும் பெற்றோர் மீது ஏற்றுவது முறையன்று. எழுதியவாறே வாசித்தாலும் செவிக்கு இனிதாகவும், இடையில் பேச்சுக்கு இடம் தருவதாகவும் நூல் அமைந்திருக்க வேண்டும். இங்கேதான் திறனாய்வின் பணி தொடங்குகிறது.

3. சொல்லப்படும் கதையின் இலக்கணம்

உரைநடையைப் பகுக்கும் தொல்காப்பியச் செய்யுளியல், அதில் ஒருவகை செவிலிக்கு உரியது எனவும் மற்றொருவகை யாவர்க்கும் பொது எனவும் கூறுகிறது. வளர்க்கும் தாயின் வாய்மொழிக்கு எனத் தனியே ஓர் உரைவகையை ஒதுக்கிய இலக்கண மரபு நம்முடையது. அவ்வாய்மொழியின் கூறுகளை இன்றும் வீடுகளில் கேட்கலாம். அவற்றுள் நான்கு இங்கு முதன்மையானவை.

முதலாவது, ‘ஆம்’ விகுதி. “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்” என்னும் தொடக்கத்திலுள்ள ‘ஆம்’, இது பிறர் சொல்லக் கேட்டது என்பதை உணர்த்துவதோடு, இனி வருவது கதை என்னும் அறிவிப்பாகவும் நிற்கிறது. அச்சு நூல்களின் ‘இருந்தார்’ அவ்வறிவிப்பைத் தருவதில்லை.

இரண்டாவது, தொடர்களை இணைக்கும் முறை. “காட்டுக்குப் போனான். போனா, அங்க ஒரு சிங்கம்” என முன்தொடரின் வினையையே எடுத்துப் பின்தொடரைத் தொடங்குவது கதைசொல்லியின் வழக்கம். கேட்பவர் முன் நிகழ்ந்ததை மனத்தில் இருத்திக்கொள்ள அது இடைவெளி தருகிறது.

மூன்றாவது, உரையாடலின் அமைப்பு. கதைசொல்லி பேசுபவரை முதலில் அறிவித்துவிட்டுப் பின்னரே கூற்றைச் சொல்வது வழக்கம்.

நான்காவது, உம் கொட்டுதல். தமிழ் வீடுகளில் கதை சொல்பவர், கேட்பவரிடம் ‘உம்’ எதிர்பார்ப்பார். ‘உம்’ நின்றால் கதையும் நிற்கும். கேட்பவரைக் கதையின் பங்காளியாக்கும் இவ்வேற்பாடு, கல்வியியலில் ‘உரையாடல்வழி வாசிப்பு’ எனப்படுவதோடு ஒப்பிடத்தக்கது. கிரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், படநூல் வாசிக்கையில் குழந்தையிடம் திறந்தநிலை வினாக்களைக் கேட்கவும் அதன் விடையை விரித்துச் சொல்லவும் பயிற்றப்பட்ட பெற்றோரின் குழந்தைகள் மொழி வெளிப்பாட்டில் முன்னேறியிருந்தனர். உம் கொட்டுதல் அதற்கு முற்றும் நிகரானதன்று. அங்குக் குழந்தை விடையளிக்கிறது, இங்கு ஒப்புகிறது. எனினும் கேட்பவரின் குரலுக்குக் கதைக்குள் இடம் ஒதுக்கும் மரபு நம்மிடம் ஏற்கெனவே உள்ளது என்பதால், பெற்றோருக்கான பயிற்சியை அதிலிருந்தே தொடங்கலாம். ‘உம்’ சொல்லிவந்த குழந்தையிடம் “அப்புறம் என்ன ஆயிருக்கும்?” என ஒருமுறை கேட்பது பெரிய மாற்றமன்று.

4. பாடலும் கதையும்

இக்கூறுகளைக் கொண்டு நோக்கினால் தமிழ்ச் சிறார் இலக்கிய வரலாற்றில் பாடலுக்குக் கிடைத்த வெற்றியின் காரணம் தெளிவாகும். பாரதியின் பாப்பா பாட்டு 1915இல் வெளிவந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களும், 1944இல் வெளிவந்த அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ள’மும் அம்மரபை வளர்த்தன. இப்பாடல்களை எவரும் பேச்சுத்தமிழுக்கு மாற்றிப் பாடுவதில்லை. எதுகையும் மோனையும் சந்தமும் எழுத்து வடிவத்தைக் கட்டிக் காக்கின்றன; வடிவத்தை மாற்றினால் ஓசை உடையும். ஆகையால் பாடும் தாய் தன்னை அறியாமலே எழுத்து வழக்கைக் குழந்தைக்கு வழங்குகிறார். பாப்பா பாட்டு குழந்தையை விளித்தே பேசுவது. கேட்பவரின் இடம் பாடலுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

உரைநடைக் கதைக்கு இப்பாதுகாப்பு இல்லை. 1947இல் தொடங்கப்பட்ட அம்புலிமாமா போன்ற இதழ்களின் கதைகள், பெரும்பாலும் எழுத்து வழக்கில், எழுத்தறிந்த சிறாருக்கென அமைந்தவை. ஆயினும் அவற்றுள் விக்கிரமாதித்தன்–வேதாளக் கதைகளின் அமைப்பு கவனத்திற்குரியது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு புதிர் வினாவை எழுப்புகிறது. அரசன் விடை சொல்லும் முன், வாசிப்பவர் நூலைச் சற்றே மூடிக் கேட்பவரிடம் அவ்வினாவைக் கேட்க இயலும். உரையாடலுக்கான இடைவெளி கதையின் கட்டமைப்பிலேயே உள்ளது. வினாவை வாசிப்பவர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, இறுதியில் நீதியை ஒரு தொடராகக் கூறி முடியும் கதைகளைக் கருதலாம். அறக்கருத்து இருப்பது குறையன்று. நெடிய அறநூல் மரபுடைய மொழியில் அதைக் குறையென்று கொள்ளவும் இயலாது. ஆனால் வாய்விட்டு வாசிக்கும் சூழலில் ‘இக்கதையால் அறியப்படுவது’ என்னும் தொடர் உரையாடலை முடித்துவைக்கிறது. குழந்தை எண்ணிச் சொல்லக்கூடியதை நூலே சொல்லிவிடுவதால், கேட்பவருக்கு எஞ்சுவது ‘உம்’ ஒன்றே.

5. நிலைவாரி நூல்களும் மொழிபெயர்ப்பு நூல்களும்

வாசிப்பு இயக்கத்தின் நூல்கள் ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணையத்தளமும் நூல்களை நான்கு வாசிப்பு நிலைகளில் அடுக்குகிறது. தானே படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு இப்பகுப்பு பெருந்துணை. படிப்படியாக ஏறிச் செல்லும் நம்பிக்கையை அது தருகிறது. இயக்கம் நிலைகளுக்குச் சூட்டியுள்ள பெயர்களும் அதையே உணர்த்துகின்றன.

சிக்கல், இந்நிலைகளே வாசித்துக் காட்டுவதற்கும் அளவாகக் கொள்ளப்படும்போது எழுகிறது. நான்கு வயதுக் குழந்தையின் கண் ‘நுழை’யும் நிலையில் இருக்கலாம்; அதன் செவி அதனினும் மேலான நிலையில் இருக்கும். பக்கத்திற்கு ஒரு தொடர் கொண்ட நூலைப் பெரியவர் வாசித்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் குழந்தை முன்னர்க் கேளாத சொல் அரிதாகவே இருக்கும். இது அந்நூலின் குறையன்று. வீட்டில் அவ்வகை நூல் மட்டுமே இருப்பதுதான் குறை. இன்றைய திட்டங்களில் படிக்கும் நூலுக்குக் கிடைத்துள்ள கவனம் கேட்கும் நூலுக்கும் கிடைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு நூல்களில் வேறு வகைச் சிக்கல்கள் தோன்றுகின்றன. முதலாவது கூற்றின் அமைப்பு. “‘என் வாலை மிதித்தது யார்?’ என்று கேட்டது பூனை” என்னும் தொடரை வாசிப்பவர், யாருடைய குரலில் பேசுவது என்பதைத் தொடரின் இறுதியிலேயே அறிகிறார். “பூனை கேட்டது: ‘என் வாலை மிதித்தது யார்?’” என்றிருப்பின் பூனையின் குரலை ஏற்றுப் பேச அவருக்கு நேரம் கிடைக்கிறது. கண்ணால் படிப்பவர்க்கு இவ்வேறுபாடு சிறிது. வாய்விட்டு வாசிப்பவர்க்கு அது பெரிது.

இரண்டாவது, பெயரெச்சங்களின் அடுக்கு. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னே வரும் விளக்கங்கள் தமிழாக்கத்தில் பெயருக்கு முன்னே வந்து குவிகின்றன. “மழையில் நனைந்து திண்ணையில் ஒதுங்கி நின்ற ஆட்டுக்குட்டியைத் தேடி வந்த சிறுவன் சிரித்தான்” என்பது இலக்கணப் பிழையற்ற தொடர். கேட்கும் குழந்தையோ, யாரைப் பற்றிய கதை இது என்பதை அறிய நெடுநேரம் காத்திருக்க வேண்டும். “ஆட்டுக்குட்டி மழையில் நனைந்தது. திண்ணையில் ஒதுங்கி நின்றது. அதைத் தேடி ஒரு சிறுவன் வந்தான்; கண்டதும் சிரித்தான்” எனப் பிரித்தமைத்தால் எழுத்து வழக்கும் நிலைபெறுகிறது, செவியும் நிறைவடைகிறது.

சென்னையிலிருந்து 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் போன்றவை வெளியிடும் இருமொழிப் படநூல்கள் வேறொரு வாய்ப்பைத் தருகின்றன. பள்ளியில் ஆங்கிலவழியில் பயிலும் குழந்தைக்குத் தமிழ் ஒலிக்கும் நேரமாக இல்ல வாசிப்பை அவை ஆக்கக்கூடும். ஒரே பக்கத்தில் இருமொழியும் நிற்கும்போது, தமிழ்ப்பகுதி மூலத்தின் தொடரமைப்பை நிழல்போலப் பின்பற்றுகிறதா, தனக்குரிய ஓசையோடு நிற்கிறதா என்பதை வாய்விட்டு வாசித்தே தேற வேண்டும்.

6. தெரிவுக்கான அளவுகோல்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், வாய்விட்டு வாசிப்பதற்குரிய தமிழ் நூலைத் தெரிவு செய்யப் பின்வரும் அளவுகோல்கள் முன்மொழியப்படுகின்றன.

1. பொதுவேர்ச் சொற்கள்: ‘நோக்கியது’ என்பதினும் ‘பார்த்தது’, ‘கூறினான்’ என்பதினும் ‘சொன்னான்’ மிகுந்து வருதல். பேச்சில் அறிந்த வேர், எழுத்து வழக்கின் விகுதியோடு ஒலிக்கும்போது குழந்தை இரண்டையும் தானே இணைத்துக்கொள்ளும்.

2. புதுச்சொல்லின் இடம்: அறியாத சொற்கள் சிலவாகவும், படத்தாலோ மீண்டும் வருதலாலோ பொருள் விளங்குவனவாகவும் இருத்தல்.

3. தொடரமைப்பு: பெயரெச்ச அடுக்கின்றி, வினைமுற்றால் முடியும் குறுந்தொடர்களாக நிகழ்ச்சி நகர்தல்.

4. கூற்று: பேசுபவர் இன்னார் என்பது கூற்றுக்கு முன்னரே தெரிதல்.

5. ஓசை: சலசல, மடமட போன்ற இரட்டைக்கிளவிகளும், மீண்டும் மீண்டும் வந்து குழந்தையையும் உடன் சொல்லத் தூண்டும் தொடரும் அமைதல்.

6. இடைவெளி: வினா, புதிர், படத்தில் மட்டும் காணும் செய்தி ஆகியவற்றால் கேட்பவரின் குரலுக்கு இடம் தருதல்.

இவற்றுள் ஆறாவது, எழுத்தறியாப் பெற்றோரையும் உள்ளடக்குவது. படத்தில் கதையின் ஒரு பகுதியை வைத்திருக்கும் நூலை எழுத்தறியாத தாயும் தம் பேச்சில் கதையாக்க இயலும். அங்கு எழுத்து வழக்கு குழந்தைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் நூலை ஏந்திக் கதை பேசும் உறவு கிடைக்கிறது. எழுத்து வழக்கின் ஒலியை அவ்வீட்டுக்கு மூத்த உடன்பிறந்தாரோ மாலைநேரத் தன்னார்வலரோ கொண்டுவரலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் குழந்தைகளின் நிலை இதனினும் சிக்கலானது. அது தனி ஆய்வுக்குரியது.

முடிவுரை

சிறார் நூல் திறனாய்வு இதுகாறும் நூலின் பக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அப்பக்கம் ஒரு வீட்டில் ஒலிக்கும்போது என்னவாகிறது என்பதையும் அது கருத வேண்டும். எழுத்து வழக்கைப் பள்ளியில் முதன்முதலாகக் கேட்கும் குழந்தைக்கும் அதை மடியிலேயே கேட்டு வளர்ந்த குழந்தைக்கும் முதல் வகுப்புப் பாடநூல் ஒரே நூலாக இராது. நூல் வாங்கும் வசதியும் வாசிக்கும் நேரமும் உடைய வீடுகளுக்கே இவ்வாய்ப்பு உரியதாகுமானால், இரட்டை வழக்கு சமூக ஏற்றத்தாழ்வுக்கு மேலும் ஒரு காரணமாகும். கேட்கும் நூல்களைப் பள்ளி நூலகத்தின் வழியும் தன்னார்வலர் வழியும் வீடுகளுக்கு அனுப்புவது அதனால் இன்றியமையாததாகிறது.

இங்கு முன்மொழிந்த அளவுகோல்கள் நூலின் மொழியை நோக்கி வகுக்கப்பட்டவை. களத்தில் சோதிக்கப்பட வேண்டியவை. ஒரே நூலைப் பல்வேறு வட்டாரங்களையும் கல்விநிலைகளையும் சார்ந்த இல்லங்களில் வாசிக்கச் செய்து ஒலிப்பதிவு செய்யலாம். எந்தத் தொடரில் வாசிப்பவர் எழுத்து வழக்கைக் கைவிட்டுப் பேச்சுக்கு மாறுகிறார், எந்த இடத்தில் குழந்தை குறுக்கிட்டுப் பேசுகிறது என்பவற்றை அப்பதிவுகள் காட்டும். மொழியியல், கல்வியியல், சிறார் இலக்கியம் ஆகிய முத்துறை ஆய்வாளரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது. அம்மாற்றங்களின் பட்டியல் ஒன்று கையில் கிடைக்குமானால், அடுத்த நூலை எழுதுபவர்க்கும் மொழிபெயர்ப்பவர்க்கும் அதனினும் பயனுள்ள வழிகாட்டி வேறொன்று இராது.